நூற்றுக்கு எட்டு

எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள், அதற்கு மதிப்பெண் உண்டு என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரமே டியூஷன் தொடங்கிவிடுவோம். ஹால்விக் பல்கலைக்கழகத்தில் அப்படித் தொடங்கியவள் நான்தான். பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி, படிப்பது கடலடி மண்ணியல். நான் நடத்திய டியூஷன், தனிமையில் இல்லாமல் இருப்பது எப்படி என்பதற்கு.

சிரிக்காதீர்கள். அந்தப் பாடத்தில் தோற்றால் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

ஹால்விக் வடகடல் ஓரத்து ஊர். குளிர்காலத்தில் பத்து மணிக்கு விடிந்து இரண்டு மணிக்கு இருட்டிவிடும். ஊர்க்காரர்கள் நல்லவர்கள். எதிரே வந்தால் வழி விடுவார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நான் வருவதற்கு நான்கு வருடம் முன்னால் வெளிநாட்டு மாணவன் ஒருவன் ஹாஸ்டல் அறையிலேயே இறந்துபோனான். பதினோரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். ஊரே வெட்கப்பட்டுப் போயிற்று. இனி எவனும் இப்படித் தனியாகச் சாகக் கூடாது என்று உண்மையிலேயே நினைத்துத்தான் உடம்பின் துடிப்பை அளக்கும் ஒரு கைப்பட்டையைக் கொண்டுவந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போடுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பட்டைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. நாங்கள் காப்பு என்போம். வெளிநாட்டு மாணவர் எல்லோரும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜ் போட ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கழற்றலாம், அவ்வளவுதான்.

ஜனவரியில் புதிதாக வந்து சேர்ந்த பொள்ளாச்சிப் பெண் வான்மதிக்கு நான்தான் அதை விளக்கினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, நாம மனசுல நெனைக்கறதெல்லாம் இதுக்குத் தெரிஞ்சு போயிருங்களா?"

"மனசும் கெடையாது, மண்ணும் கெடையாது. நாடித் துடிப்பு, வேர்வை, குரல். மூணே மூணுதான். பக்கத்துல இன்னொரு காப்பு இருந்து, ரெண்டு பேரு துடிப்பும் ஒரே தாளத்துல போச்சுன்னா, நீ அவங்களோட ஒட்டிட்டேன்னு அர்த்தம். மார்க் ஏறும். குரலு ஒசந்தாலோ, துடிப்பு எகிறுனாலோ எறங்கும். அழுதா ரொம்ப எறங்கும்."

"அழுதா எதுக்குங்க எறங்கோணும்?"

"அழுதவ நல்லா இல்லேன்னுதானே அர்த்தம்? நீ அழுதா பக்கத்துல இருக்கிறவனுக்கும் சேத்து எறங்கும். உன் கஷ்டம் அவனுக்கும் தொத்திருச்சாம்."

"எறங்குனா என்னங்க பண்ணுவாங்க?"

"நூத்துக்கு நாப்பது வேணும். மூணு வாரம் தொடர்ந்து அதுக்குக் கீழ போனா கூப்புட்டு வச்சு அன்பாப் பேசுவாங்க. உனக்கு இந்த ஊரு ஒத்துக்கலை, உன் சனத்தோட போயி இரும்மான்னு டிக்கெட் போட்டுக் குடுத்துருவாங்க. படிப்பு பாதியோட போச்சு. மறுபடி விசாவும் கெடைக்காது. எல்லாம் நம்ம நன்மைக்குத்தான்."

வான்மதியின் காப்பு அந்த நேரமே சிவப்பு காட்டியது. பயத்தில் துடிப்பு எகிறியிருந்தது. "பயப்படாத, அதுக்குத்தான் டியூஷன் இருக்கு" என்றேன். அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் முதல் பருவத்தில் மார்க் முப்பத்தெட்டு வரை இறங்கியிருந்தது. நூலகத்தில் ஒருநாள் எனக்கு எதிரே துவாரகன் அண்ணா படித்துக்கொண்டே தூங்கிவிட்டார். அவர் சாவகச்சேரிக்காரர், முனைவர் பட்ட மாணவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவரைப் பார்த்து எனக்கும் கண் சொக்கியது. விழித்துப் பார்த்தால் மார்க் எழுபத்தொன்று. இரண்டு பேர் அரைத்தூக்கத்தில் ஒரே மாதிரி மூச்சு விட்டால், இந்த மடக் காப்பு அதை உயிர்ச் சிநேகம் என்று எடுத்துக்கொள்கிறது! பிறகென்ன, நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, பேசக் கூடாது, யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்று முறை வகுத்தேன். நூலகத்தின் நான்காம் அறையை மாலை ஐந்து மணிக்குப் பிடித்தோம். பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து நாற்பது நிமிடம் மூச்சு விடுவோம். எல்லோருக்கும் எண்பத்தைந்துக்கு மேல். மூச்சு முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விடுவோம்.

பல்கலைக்கழகம் எங்களைப் பாராட்டி அறிவிப்புப் பலகையில் படம் போட்டது. மிக நெருக்கமான சமூகம் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் என் பக்கத்தில் இருந்தவன் குணாளன், ஆற்காட்டுத்துறைக் கடற்கரைப் பையன், வயது இருபத்து மூன்று. டியூஷனில் அவன்தான் முதல் மாணவன். பிப்ரவரி முழுவதும் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு என்று போட்டுத் தள்ளினான். மற்றவர்களிடம் அவனைக் காட்டி, "பாருங்க, எப்படி உக்காந்திருக்கான்" என்பேன். கல் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

மார்ச் நடுவில், துணி துவைக்கும் அறையில் செலாம் என்னை நிறுத்தினாள். எத்தியோப்பியக்காரி, குணாளனின் அடுத்த அறை. அதுவரை அவளும் நானும் ஹலோ தவிர ஒன்றும் பேசியதில்லை.

"நீங்கள்தானே தினமும் மாலையில் குணாளனோடு உட்கார்ந்திருப்பவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமாம்."

"அவனுக்கு என்ன ஆயிற்று?"

"என்ன ஆயிற்று? நன்றாகத்தானே இருக்கிறான்."

அவள் ஈரத் துணியைக் கூடையில் போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "தினமும் காலையில் அவன் குளியலறைக்கும் என் குளியலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். காப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஷவரைத் திறந்துவிட்டு அழுகிறான். இருபது நிமிடம். பிறகு நிறுத்திவிடுகிறான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்திலேயே உட்காருகிறீர்கள், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் அவன் தோளுக்குத் தோள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொண்ணூற்று மூன்று.

நேராக அவன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவனிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அப்பா தவறிட்டாருக்கா. பிப்ரவரி ரெண்டாந்தேதி."

"அடப்பாவி, ஏண்டா சொல்லலை?"

"சொன்னா நீங்கல்லாம் வருத்தப்படுவீங்க. எல்லாருக்கும் மார்க் எறங்கும். நானும் அழுதுருவேன்." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "மூணாந்தேதியும் டியூஷனுக்கு வந்தேங்க்கா, தொண்ணூத்தி மூணு" என்றான்.

அந்தத் தொண்ணூற்று மூன்று என் கைவேலை. பேசாதே, முகத்தைப் பார்க்காதே, மூச்சை எண்ணு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையைக் கல்லாக உட்காரவைத்து, அதை மற்றவர்களுக்கு உதாரணமும் காட்டியிருக்கிறேன். ஓங்கி யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டிய ஆள் நான்தான்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் துக்கம் கேட்கப் போகாதவன் பகையாளி. கல்யாணத்துக்கு வராததை மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, எப்படி ஆயிற்று என்று கேட்க வேண்டும். முன்னால் வந்தவர் கேட்டிருப்பாரே என்று விட்டுவிட முடியாது. அவரும் கேட்பார், இவரும் கேட்பார். துக்கக்காரர் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்வார். சொல்லிச் சொல்லித்தான் அது ஆறும்.

டியூஷன் ஆட்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். துவாரகன் அண்ணா உடனே போன் செய்தார்.

"என்ன செண்பகா இது, ஒண்டரை மாசமா செத்தவீட்டுக்காரனுக்குப் பக்கத்திலயோ இருந்து மூச்சு விட்டனாங்கள்? இப்பவே போவம், வெளிக்கிடும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்களே, துக்கம் கேக்கப் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க" என்று இழுத்தாள், செய்தி பார்த்து என் அறைக்கு ஓடி வந்த வான்மதி.

"ஒன்றரை மாசம் கேக்காத கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை என்ன, அமாவாசை என்ன? கெளம்பு" என்றேன்.

பதினான்கில் வந்தது நாங்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார்கள், மார்க்கை நினைத்துப் பயந்துவிட்டார்கள். கூப்பிடாமலே செலாம் வந்தாள். அவள் ஊரிலும் இப்படித்தானாம், நாள்கணக்கில் போய் உட்காருவார்களாம். வெள்ளைத் துணி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, குணாளன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கையை நான் பிடித்தேன். "எப்படிடா ஆச்சு?"

மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான் சொன்னான். துவாரகன் அண்ணா கையைப் பிடித்து அதையே கேட்டார். அவரிடம், அன்று காலை அப்பா தன்னோடு போனில் பேசியதைச் சொன்னான். வான்மதி கேட்டாள். அவளிடம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். செலாம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். அவளிடம்தான் வெடித்தான்.

"தலைப்புள்ள நானு. கொள்ளி வைக்கப் போவலை. ஊருக்குப் போயி காரியம் முடிச்சு வர மூணு வாரம் ஆவும், மூணுக்கும் மார்க் பூச்சியம்னு அம்மாகிட்டச் சொன்னேன். நீ வராதய்யா, தம்பி வைக்கட்டும், நீ மார்க்கப் பாருன்னு அம்மா சொல்லிட்டாங்க." தமிழில்தான் சொன்னான். செலாமுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். நாங்களும் அழுதோம். ஐந்து காப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன.

குணாளன் பதறி எழுந்தான். "அக்கா, எறங்குதுக்கா. போயிருங்க, எல்லாரும் போயிருங்க."

"எறங்கட்டும்டா. நாசமாப் போகட்டும். நீ அழு."

அன்று என் மார்க் பத்தொன்பது. வந்த ஒன்றரை வருடத்தில் அந்த ஊரில் முதல் முறையாக மனிதர்களோடு இருந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேரும் ஹாஸ்டல் சமையலறையில் கூடினோம். கூடினால் அமைதியாகவா இருப்போம்? மீன் குழம்பில் தேங்காய்ப்பால் விடலாமா என்று துவாரகன் அண்ணாவும் குணாளனும் அடித்துக்கொள்வார்கள். செலாம் தன் ஊர் மிளகாய்ப் பொடியை யாரும் பார்க்காதபோது எல்லாவற்றிலும் போட்டுவிடுவாள், வான்மதி கண்ணில் நீர் வழியத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவாள். எங்கள் சத்தத்துக்கு ஊர்க்கார மாணவர்கள் சமையலறை வாசலோடு திரும்பிப் போனார்கள். காப்புகள் முப்பதைத் தாண்டவில்லை. சண்டை போட்டுக்கொண்டே ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் யார் என்று அவற்றுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை இப்படி இருந்துக்கலாமுங்க்கா. மிச்ச நாளு நாலாம் ரூமுக்குப் போயி மூச்சு விட்டுக்கலாம். சரியாப் போயிருமுங்க" என்றாள் வான்மதி. புத்திசாலித்தனமான யோசனைதான். அவர்கள் அப்படியே செய்தார்கள். டியூஷனை இப்போது வேறொருவர் நடத்தினார். துவாரகன் அண்ணா, வான்மதி, ஏன், குணாளனும்கூடப் போய் வந்தார்கள், நாற்பதுக்கு மேலேயே இருந்தார்கள். செலாமுக்குத் தேவாலயப் பாட்டுக் குழு இருந்தது, அதில் ஒரே தாளத்தில் பாடியே ஐம்பது வாங்கிவிடுவாள்.

நான் மட்டும் போகவில்லை. ஒருநாள் அந்த அறை வாசல் வரை போய்ப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இவர்களில் யாருக்கு யார் செத்திருக்கிறார்களோ என்று நினைத்ததும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஐந்து மாதம் மட்டுமே பாக்கி.

கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருக்கிறாள். என் மார்க் எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாகச் சொல்வாள். "நாப்பதுதானட்டி கேக்காங்க? நீ நாப்பது வாங்கமாட்டியா?" என்றாள்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. துணைக்கு ஆள் வரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. நான்கு பேரும் வந்து நின்றார்கள். நல அலுவலர் அஸ்ட்ரித் ஐம்பது வயதுக்காரி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தவர், எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து மூன்று நாற்காலி கொண்டுவந்தார். குணாளன் நின்றுகொண்டான். சுவரில் இருந்த திரையில் என் காப்பின் எண் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று.

"செண்பகவல்லி, குளிர்காலம் முழுவதும் நீங்கள் எண்பதுக்கு மேல் இருந்திருக்கிறீர்கள். என்ன நடந்தது?"

"அப்போது எனக்கு யாரும் இல்லை. இப்போது இருக்கிறார்கள்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "நான் உங்களை அனுப்ப விரும்பவில்லை. உங்கள் பேராசிரியர் இரண்டு முறை பேசினார். ஒன்று செய்யலாம். இங்கேயே, உங்கள் நண்பர்களோடு நான்கு நிமிடம் அமைதியாக உட்காருங்கள். எண் நாற்பதைத் தொட்டால் நான் கோப்பை மூடிவிடுகிறேன்."

நான்கு நிமிடம்! எனக்கு மூன்று போதும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவளே நான்தானே. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. ஐந்து மாதப் படிப்பு, பட்டம், வேலை, அம்மாவின் மனப்பாடம் எல்லாம் மூன்று நிமிட மூச்சில் இருந்தது. கண்ணைத் தாழ்த்தினேன். குணாளனின் ஷூ தெரிந்தது. இந்த ஷூவைத்தான் பிப்ரவரி முழுவதும் நாற்பது நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிமிர்ந்துவிட்டேன். "முடியாது" என்றேன்.

"ஏன்?"

"எனக்கு இதில் நூறு வாங்கத் தெரியும். பதின்மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவனுக்கு அப்பா இறந்துபோனார். மறுநாள் அவன் மார்க் தொண்ணூற்று மூன்று. உங்கள் அறிவிப்புப் பலகையில் படம்கூடப் போட்டீர்கள். அந்த எண்ணை இனி நான் வாங்க மாட்டேன். முப்பத்தொன்றுதான் நான். அனுப்புவதென்றால் அனுப்புங்கள்."

"அது நான்தான்" என்றான் குணாளன் ஆங்கிலத்தில். அஸ்ட்ரித் அவனைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

துவாரகன் அண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. "உமக்கென்ன விசரே? நாலு நிமிசம்! மூச்சை விட்டிட்டு வாரும், பிறகு வெளியில போய் நியாயம் கதைப்பம்!"

"நீங்க விடுங்க, என்னால முடியாது."

"நாங்கெல்லாம் போறமுங்களே! நாங்க மானங்கெட்டவங்களா, நீங்க மட்டுந்தான் யோக்கியமா?" வான்மதி எழுந்துவிட்டாள்.

"நான் அப்படிச் சொன்னேனாட்டி? வாயில வந்ததப் பேசாத!"

"என்னாலதானக்கா எல்லாம்?" குணாளன் கத்தினான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, போயிருங்கன்னு! எங்கப்பனுக்கு நான் பண்ணாதத நீங்க எதுக்கு எனக்குப் பண்றீங்க? நீங்க போயிட்டா நான் இந்த ஊர்ல யாருகிட்டப் பேசுவேன்? ஒக்காந்து மூச்ச விடுக்கா!"

"விட மாட்டேண்டா! என்ன பண்ணுவ?"

செலாம் என்ன நடக்கிறது என்று புரியாமலே, என் தோளைப் பிடித்து உலுக்கித் தன் மொழியில் திட்டினாள். அது திட்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வான்மதி அழுதாள். நானும் அழுதேன், அழுதுகொண்டே கத்தினேன். திரையில் இருபத்து நான்கு, பதினேழு, பதினொன்று. அப்புறம் எட்டு. அறைக்குள் மணி ஒன்று நீளமாக ஒலித்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அஸ்ட்ரித் மணியை நிறுத்தினார். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதெல்லாம் நடிப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நடிப்பதென்றால் தொண்ணூறு வாங்கியிருப்பேன்" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் அலமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒருமுறைகூடப் பயன்படுத்தாத தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பத்துக்குக் கீழே போனவர்களுக்குத் தனி விதி. அவர்களை ஒரு நாளும் தனியே விடக் கூடாது. விமானத்தில் ஏற்றக் கூடாது. நூற்று எண்பது நாள் இங்கேயே இருக்க வேண்டும், அதன் பிறகுதான் மறுவிசாரணை. அவர்களோடு இருக்கப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்." தாளின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த விதியை எழுதியது நான்தான். அந்தக் கதவை உடைத்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். அவனைப் போன்ற ஒருவருக்காக எழுதினேன். அவருக்காகக் கையெழுத்திட ஒருவர் கிடைப்பதே பெரிது என்று நினைத்தேன். அதனால்தான் ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறேன்."

நூற்று எண்பது நாள் என்றால் ஆறு மாதம். எனக்கு வேண்டியது ஐந்து.

தாளை மேசைமேல் வைத்தார். குணாளன் முதலில் பாய்ந்து கையெழுத்துப் போட்டான். "நான்தான் மூத்தவன், நான் போட வேணும்" என்று துவாரகன் அண்ணா பேனாவைப் பிடுங்கினார். செலாம் குணாளன் பெயருக்குப் பக்கத்திலேயே இடுக்கில் தன் பெயரை எழுதிவிட்டாள். வான்மதிக்கு இடமில்லை, ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"பொறுங்கள், பொறுங்கள்" என்றார் அஸ்ட்ரித். இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து, அடிக்கோல் வைத்து, அவர் கையாலேயே நான்கு கோடு போட்டார். போட்டு முடித்தும் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "பல்கலைக்கழகப் பதிவேட்டில் யாருமே இல்லாதவர் என்று உங்கள் பெயர் முதலில் நிற்கும். சம்மதமா?" என்று கேட்டார்.

"தாராளமாகப் போடுங்கள்" என்றேன்.

வெளியே வெயில் அடித்தது. மற்ற நால்வரும் கட்டட வாசலிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், பொறுப்பாளர் என்று முதலில் கையெழுத்துப் போட்டவன் எவன் என்று. நான் கொஞ்சம் தள்ளிப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி ஆச்சு? எத்தனை மார்க்?"

"எட்டும்மா."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு, ஒம்பக்கத்துல அப்படிக் கத்துறது?"

"நம்ம ஆளுங்கதாம்மா. என்னைத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு வந்தவங்க, அனுப்பலை. இப்ப என்னை யாரு பாத்துக்கிறதுன்னு சண்டை."

அம்மா நன்றாகக் காதில் வைத்துக் கேட்டாள். துவாரகன் அண்ணாவும் குணாளனும் உச்சத்தில் இருந்தார்கள். நடுவே வான்மதியின் குரலும், யாருக்கும் புரியாத மொழியில் செலாமின் குரலும்.

"அப்பச் சரி" என்றாள் அம்மா. "எட்டு போதும்."